ஊக்கு போட்ட செருப்பு

கும்பகர்ணன் செத்த ராத்திரி நான் அழுதேன். எனக்குப் பத்து வயது இருக்கும்.

எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. அத்தையைக் கட்டிக்கொடுத்தது ஒற்றப்பாலம் பக்கம். அங்கே பகவதி காவில், அதாவது அம்மன் கோயிலில், தோல்பாவைக்கூத்து நடக்கும்போது அப்பா கூட்டிக்கொண்டு போவார். கூத்துமாடத்தில் நீளமாக வெள்ளைத் துணி, அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். சுற்றிலும் மலையாளம் பேசும் ஊர், திரைக்குள்ளிருந்து வருவதோ கம்பன் பாட்டு. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம-ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவது என்பது ஐதீகம். அதனால் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. அன்றைக்கு விடியும் நேரத்தில் நாலைந்து பேர்தான் விழித்திருந்தோம்.

பாவை என்பது ஒரு துண்டுத் தோல். கண் சிமிட்டாது, வாய் திறக்காது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு கைதான் அசையும். விபீஷணன் வந்து ராமன் பக்கம் கூப்பிடுகிறான். வளர்த்த அண்ணனை விட்டு வரமாட்டேன் என்கிறான் கும்பகர்ணன், சாகப்போவது தெரிந்தே. அந்த ஒற்றைக் கை தம்பியை நோக்கி மெல்ல எழுந்து தாழ்ந்தது. விளக்குச் சுடர் ஆடியதில் முகமே நடுங்கியது போல இருந்தது. அவ்வளவுதான், நான் அரக்கன் கட்சிக்குப் போய்விட்டேன்.

1944இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் காட்டினார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு பெட்டி. முகம் இல்லை, குரல் இல்லை. பார்த்ததை எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒருவர் மட்டும்தான் முக்கோணம் நகர்ந்தது என்று வடிவங்களாகவே எழுதினார். மற்றவர்களுக்கு அவை உயிர்கள். பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்து ஓடுகிறது. இதைப் படித்தபோது கூத்துமாடம்தான் ஞாபகம் வந்தது. இரக்கப்பட நமக்கு நிஜ ஆள் வேண்டியதில்லை, ஓர் அசைவு போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. உதவ வந்தவர்கள் அவள் கட்டிலில் அழுதுகொண்டிருந்த போட்டோவை வாட்ஸ்அப்பில் விட்டார்கள். பணம் சேர்ந்தது, அவளும் தேறினாள். ஆனால் பள்ளிக்கூடம் திரும்பியபோது அவளுக்கு முன்னாலேயே அந்தப் போட்டோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு வருஷம் ஆகியும் கடைக்குப் போனால் "நீ அந்தப் பொண்ணுதானே" என்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

போன மாதம் இன்னொரு குழந்தைக்காக நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். போட்டோ வேண்டாம், நான் வரைந்து தருகிறேன் என்றேன். வரைந்தால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்பிக்கைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, அவற்றைக் காட்டுங்கள். குழந்தையின் முகத்தை ஏன் அடமானம் வைக்க வேண்டும்? அதே சமயம், கம்ப்யூட்டரில் உண்டாக்கிய அழும் குழந்தையை நிஜம் என்று பரப்புவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன், அது திருட்டு. என் படத்துக்குக் கீழே "இது வரைந்த படம்" என்று பெரிதாகவே எழுதினேன்.

நான்கு முறை வரைந்தேன். முதல் மூன்றிலும் கண்ணீர் இருந்தது, மூன்றையும் கிழித்துப் போட்டேன். படத்தில் இருக்கும் பெண்ணே அழுதுவிட்டால் பார்ப்பவருக்கு அங்கே செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. நாலாவதில் அவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள், முகம் பாதி திரும்பியிருக்கிறது. ஒரு செருப்பின் வார் அறுந்து, ஊக்கு போட்டுச் சேர்த்திருக்கிறது. பாரம் விழாமல் இருக்க அந்தக் காலை லேசாகத் தூக்கியிருக்கிறாள். நோட்டீஸைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அந்தக் காலைத்தான் பார்த்தார்கள். இப்படி ஒருத்தி எங்கள் வீட்டிலும் இருந்தாள் என்று ஓர் அம்மா சொன்னார்.

எங்கள் தெருவின் அந்தச் சின்னப் பெண்ணிடமும் காட்டினேன். இவள் பேர் என்ன என்று கேட்டாள். பேர் இல்லை, இப்படி யாரும் இல்லை, நானாக வரைந்தது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேட்டாள்: "ஊக்கு கால்ல குத்தாதா மாமா?"