ஒன்பதாம் மாதத்தில் குழந்தை அசைவு குறையுமா? இல்லை

கம்பம், கூடலூர், குமுளி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. ஒன்பதாம் மாதத்தில் வயிற்றில் இடம் போதாதாம், அதனால் அசைவு குறைவது பிரசவம் நெருங்குவதற்கு அடையாளமாம், ஜில்லென்று ஏதாவது குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டால் போதுமாம்.

தவறு. தயவுசெய்து நம்பாதீர்கள்.

மாதம் ஏற ஏற உதைப்பது மாறி உருள்வது, நெளிவது போலத் தெரியலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது, பிரசவ வலி வந்த பிறகும் குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும். நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தை தன் சக்தியை மிச்சப்படுத்த அசைவைக் குறைத்துக்கொள்ளும், சில குழந்தைகள் வயிற்றிலேயே இறப்பதற்கு முன் தாய் கவனிக்கிற ஒரே அறிகுறி அதுவாகவே இருக்கலாம்.

எல்லோருக்கும் பொருந்தும் எண்ணிக்கை கிடையாது, உங்கள் குழந்தையின் வழக்கம்தான் கணக்கு. அது மாறினால் அன்றைக்கே, நடுராத்திரி என்றாலும், பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள் ஒருநாள் கூலி போகுமே என்று பொறுத்திருக்க வேண்டாம். 108 தமிழ்நாட்டிலும் உண்டு, கேரளாவிலும் உண்டு. நேற்றுதான் பார்த்தார்கள் என்றாலும் மறுபடி போகலாம், யாரும் திட்டினால் திட்டட்டும். பெரும்பாலும் குழந்தை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி, குரல்பதிவு அல்ல.

அப்புறம், 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படுங்கள், இடதோ வலதோ பரவாயில்லை. பிரஷர், சர்க்கரை, ரத்தசோகைப் பரிசோதனைகளையும் தள்ளிப்போடாதீர்கள்.