கர்பலாவுக்குப் பிறகும் நீண்ட பாதை

680-இல் ஈராக்கின் கர்பலாவில் நபிகளாரின் பேரர் ஹுசைன் (ரலி) கொல்லப்பட்ட அன்றே சுன்னி, ஷியா என இஸ்லாம் இரண்டாகிவிட்டது என்கிறது இந்தப் பிளவு பற்றிய ஒரு கட்டுரை. இது அவசர முடிவு. 632-இல் நபிகளார் மறைந்ததும் எழுந்தது அடுத்த தலைவர் யார் என்ற பிரச்சினை மட்டுமே. ஷியா சட்ட மரபு 765-இல் மறைந்த ஆறாம் இமாம் (ஷியாக்கள் ஏற்கும், நபிகளாரின் குடும்பவழித் தலைவர்) ஜஅஃபர் சாதிக்கின் போதனைகளில்தான் வேர்பிடித்தது. பன்னிரண்டாம் இமாம் மறைந்து வாழ்கிறார் என்ற நம்பிக்கை 874-க்குப் பிந்தையது. 963-இல்தான் புவைஹி என்ற ஷியா வம்சத்தின் ஆட்சியாளர் முயிஸ்ஸுத் தௌலா, ஹுசைன் கொல்லப்பட்ட ஆஷூரா நாளில் பாக்தாத் கடைகளை அடைக்கச் சொன்னார். பெண்கள் தலைவிரி கோலமாக, முகத்தில் அடித்தபடி வீதிக்கு வந்தார்கள்.

அந்தக் கட்டுரையில் முக்கியமாக விடுபட்டது ஈரான்! 1501-இல் தப்ரீஸ் நகரில் சஃபவி வம்சத்தை நிறுவிய மன்னர் ஷா இஸ்மாயில் ஷியாவை அரச மதமாக்கும்வரை அங்கே சுன்னிகளே பெரும்பான்மை. ஷியா கொள்கையைக் கற்பிக்கப் போதிய அறிஞர்கள் இல்லாததால் லெபனானின் ஜபல் ஆமில் பகுதியிலிருந்து வரவழைத்தார்கள்.