அழகர் அந்த வருஷம் என்ன பட்டு உடுத்தினார்?

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரைத் திருவிழா ஒன்றைச் சொல்லி, வீட்டில் உள்ளவர்களிடம் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்: அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு? பச்சை என்ற பதில் வரவே வாய்ப்பு அதிகம். பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் விவசாயம் செழிக்கும் என்பது நம்பிக்கை. எல்லார் மனசும் எதிர்பார்த்து நிற்பது அந்த நிறத்தைத்தான். நினைவில் விட்டுப்போன இடத்தில் மனசு எதிர்பார்ப்பைக் குழைத்துப் பூசிவிடுகிறது. எங்கே பூசினோம் என்ற தடம் நமக்கே தெரியாது.

"என் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் நாம் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. தெளிவாகத் தெரிவதும், அடித்துச் சொல்வதும், சொல்லும்போது அழுவதும் ஒரு நினைவு உண்மை என்பதற்குச் சான்று ஆகாது.

இன்று ராத்திரியே செய்து பார்க்க ஒரு சோதனை: கட்டில், ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, போர்வை, கொட்டாவி, குறட்டை, பாய், தலையணை, தாலாட்டு, தொட்டில். இந்தப் பன்னிரண்டு சொற்களையும் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்றரை வினாடிக்கு ஒன்றாக நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இரண்டு நிமிடம் வேறு பேச்சு. பிறகு ஞாபகம் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். 'தூக்கம்' என்று எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பட்டியலில் அது இல்லை. உளவியலாளர்கள் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995-ல் இதே போன்ற முறையில் ஆறு பட்டியல்களை வாசித்தபோது, சொல்லாத அந்தச் சொல் ஏறக்குறைய 40 சதவீதம் முறை எழுதப்பட்டது. பட்டியலின் நடுவில் நிஜமாகவே வாசித்த சொற்கள் நினைவுக்கு வந்த அளவும் அதிலிருந்து வெகுதூரம் இல்லை. "வாசித்த குரலே ஞாபகம் இருக்கிறதா, சும்மா தெரிந்தது போலவா?" என்று அடுத்த சோதனையில் கேட்டதற்கு, வாசிக்காத சொல்லுக்கும் பலர் 'ஞாபகமே இருக்கிறது' என்றார்கள்.

மூளைக்குள் வித்தியாசமே கிடையாதா? கொஞ்சம் உண்டு. உண்மையில் பார்த்ததை நினைக்கும்போது பார்வைக்கான பகுதிகள் கூடுதலாக உயிர்ப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது பல பேரின், பல நினைவுகளின் சராசரி. ஒருவரைப் படுக்கவைத்து, இந்த ஒரு நினைவு நிஜமா என்று எந்த இயந்திரமும் சொல்லாது. நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ், நிஜ நினைவு, பொய் நினைவு இரண்டுக்கும் வேலை செய்கிறது. மூளை ஆய்வாளர் டோனெகாவாவின் ஆய்வகம் 2013-ல் ஓர் எலியை முதல் பெட்டியில் விட்டு, அங்கே வேலை செய்த நரம்பணுக்களைக் குறித்து வைத்தது. இரண்டாவது பெட்டியில் காலில் ஷாக் கொடுக்கும்போது அதே அணுக்களை ஒளியால் தூண்டியது. பிறகு முதல் பெட்டிக்குப் போன எலி பயத்தில் உறைந்து நின்றது. அங்கே அதற்கு ஒரு துன்பமும் நடந்ததில்லை.

கேள்வியே கலப்படம் செய்யும் என்பதுதான் இதில் என்னை ஓயாமல் உறுத்துவது. உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் 1974-ல் கார் விபத்துப் படம் காட்டி வேகம் கேட்டார்கள். 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டவர்களுக்குச் சராசரி பதில் மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில் வந்தது. 'தொட்டபோது' என்று கேட்டவர்களுக்கு 51. இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது, 'நொறுங்க' கேட்டவர்களில் 50 பேருக்கு 16 பேர் ஆமாம் என்றார்கள். 'இடித்தபோது' என்று கேட்டவர்களில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். விசாரிக்கிற விதம் மெய்யைக் கெடுக்கவும் செய்யும்.

மதுரை காளவாசல் பக்கம் ஒரு விபத்து என்று வையுங்கள். பார்த்த பத்துப் பேரும் டீக்கடையில் கூடுவார்கள். ஒருவர் "லாரி சிக்னல்ல நிக்கவே இல்லப்பா" என்பார். அரை மணி நேரத்தில் அதைப் பார்க்காத நாலு பேருக்கும் அது பார்த்த காட்சி ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆகவே சாட்சி சொல்ல நேர்ந்தால், யாரிடமும் பேசுவதற்கு முன், வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவைப் பார்ப்பதற்கு முன், போனில் உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பார்த்தது தனி, கேட்டது தனி, ஊகித்தது தனி. எவ்வளவு நிச்சயம் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள். சந்தேக நபரை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு சரியாக நடத்தப்பட்டால், அதில் முதல் முறை சொல்லும் உறுதிக்கு மதிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்துக் கூண்டில் நின்று சொல்லும் உறுதி, பலமுறை சொல்லிச் சொல்லி இறுகிப்போனது.

அடையாள அணிவகுப்புக்கு முன்னால் சந்தேக நபரின் படம் பரவிவிட்டால் எல்லாம் பாழ். சாட்சிக்கு முகம் பழகியது போலத் தோன்றும். சம்பவத்தில் பார்த்த முகமா, போனில் பார்த்த முகமா என்று மனசு பிரிக்காது. "அந்த ஆள் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தை முதலிலேயே சொன்னால் தவறான ஆளைக் காட்டுவது குறைகிறது. செலவே இல்லாத காரியம், எல்லா இடத்திலும் கட்டாயமாக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் இன்னும் கவனம் தேவை. "அந்த மாமா அடிச்சாரா?" என்று கேட்காதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லுடா கண்ணு" என்று கேட்டு, அது பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் முதல் பதில் தப்போ என்று பிள்ளை மாற்றிச் சொல்லும்.

இதை வைத்துக்கொண்டு, துன்பப்பட்டுப் பேச வந்தவரை "உனக்குப் பிரமை" என்று விரட்டினால் அது அநியாயம். சின்ன வயசில் கடைவீதியில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒரு கதையை நம்பவைக்க முயன்ற லாஃப்டஸின் 1995 ஆய்வில், முழுசாகவோ அரைகுறையாகவோ நம்பியவர்கள் 24 பேரில் 6 பேர்தான். மிச்சப் பேர் அசையவில்லை. நடந்தவற்றின் சாரம் பெரும்பாலும் நிற்கும். நிறம், நேரம், வரிசை, யார் சொன்னது என்பவைதான் முதலில் கரையும்.

வரும் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றே பட்டின் நிறம், நீங்கள் நின்ற இடம், கூட வந்தவர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கவரில் ஒட்டி பீரோவில் வையுங்கள். மூன்று வருஷம் கழித்துப் பிரிப்பதற்கு முன், வீட்டில் எல்லாரும் தங்கள் பதிலை ஒருவருக்கொருவர் பேசாமல் எழுதட்டும்.