மான் எதுக்கு, கழுதை செய்யலாமே

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், பாரிமுனை பிளாட்பாரம் முழுக்க ஜிகினா ஒட்டின மானும் பனிமனிதனுமாகத்தான் இருக்கும். வாங்குகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை, போன வருஷம் ஒரு ஜோடி பிளாஸ்டிக் மான் வாங்கினவள்தான் நானும். மூன்றாம் நாளே ஒன்றுக்குக் கொம்பு போச்சு. ஜிகினா மட்டும் பொங்கல் வரைக்கும் சாப்பாட்டுத் தட்டில் மின்னிக்கொண்டிருந்தது. அதனால் இந்த வருஷம் ராயபுரத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் காகித மிருகங்கள்தான், அதிலும் மானுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மகளுக்குக் கோபம். மான் இல்லாத கிறிஸ்துமஸா என்கிறாள். அடியே, அந்த மான் துருவத்துப் பனியில் மேய்கிறது, நமக்கு டிசம்பர் என்றால் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுதானே! குடிலில் நிற்க வேண்டியவை மாடும் கழுதையும். உண்மையில் லூக்கா நற்செய்தியில் குழந்தையைக் கிடத்தின முன்னணைதான், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டிதான், வருகிறது, மாடு கழுதை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மாட்டுக்கு எஜமானைத் தெரியும், கழுதைக்கு முன்னணை தெரியும் என்று பைபிளில் ஏசாயா முதல் அதிகாரத்தில் வருகிறதே, அதைப் பிடித்துக்கொண்டு குடிலுக்குள் நுழைந்தவை அவை. 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் என்ற துறவி குடில் வைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையுமே கொண்டுவந்து நிறுத்தினார். அப்புறம், வண்ணாரப்பேட்டை என்று ஒரு பேட்டையே வைத்திருக்கிற நாம் கழுதையை மறக்கலாமா? துணி மூட்டையோடு கழுதைகள் போனதை எங்கள் ஆயா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

சரி, செய்கிற கதைக்கு வருகிறேன். ஆண்டர்சன் தெருவில் கொஞ்சம் கெட்டியான அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், சாதா சார்ட் பேப்பரில் கால் நிற்காது. மரம் மாதிரி காகிதத்துக்கும் நார் ஓடும் திசை உண்டு. அட்டையை நீளவாக்கில் ஒரு தரம், அகலவாக்கில் ஒரு தரம் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாகச் சுருள்கிறதோ நார் அதன் குறுக்கே ஓடுகிறது, முரண்டு பிடிக்கிற பக்கம்தான் நாரின் நீளவாக்கு. காலுக்கு அந்த முரண்டுதான் வேண்டும், நார் மேலிருந்து கீழாக ஓடினால் கழுதை நிற்கும், படுக்கையாக ஓடினால் ராத்திரியே மண்டி போட்டுவிடும் (எங்கள் முதல் கழுதை போட்டது). ஆனால் அப்படி வைத்தால் முதுகு மடிப்பு நாருக்குக் குறுக்கே வந்து வெடிக்கும். மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள், வெடிக்காது. ஆட்டுக்கு ரோமம் வேண்டுமா, காத்தாடி பேப்பரை மெல்லிசாகக் கீறி வரிசையாக ஒட்டுங்கள், அது நம்ம ஏரியாவில் கிடைக்காத பொருளா என்ன.

காதுதான் தொல்லை. கடல் காற்றில் அட்டை ஈரம் குடித்து இரண்டு காதும் தொங்கிப்போச்சு. ஆயா பார்த்துவிட்டு, "இன்னாமே இது, நாயா?" என்றாள். அப்புறம் அவளே பழைய பேப்பரை ராத்திரி ஊறவைத்து, காலையில் வெந்தயத்தோடு அரைத்து, அந்தக் கூழில் காது பிடித்துக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் காகிதக் கூடை செய்த அதே கை. வெயிலில் காய இரண்டு நாள், மழை வந்ததால் நாலு நாள். கல்லு மாதிரி நிற்கிறது. வீட்டில் வெந்தய வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், பிள்ளை கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்காதீர்கள். பள்ளிக்கூட புராஜெக்ட் என்ற பேரில் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாக்கள் தெர்மாகோல் அறுக்கிற கூத்தே போதும். கோணல் கழுதை முன்னால் நிற்கட்டும், நான் செய்த ஒழுங்கான மாடு பின்னால் போகட்டும்.

இப்போதைக்குக் கழுதை மூன்று, மாடு ஒன்று, ஆடு நாலு. நேற்று மகள் கறுப்பு அட்டையில் ஒரு பூனை வெட்டி நடுவில் வைத்துவிட்டாள். குடிலில் பூனை எதுக்குடி என்றால், காசிமேட்டிலிருந்து யாராவது மீன் கொண்டு வருவாங்க இல்ல, அது கூடவே வந்திருக்கும் என்கிறாள். வாலைக் கொஞ்சம் மடித்துவிட்டு அங்கேயே வைத்திருக்கிறேன்.