அம்மாவின் போன் ஊமையானதும் என் இயர்பட்ஸ் செவிடானதும்

போன மாதம் புதிய போன் வாங்கினேன். பழையதை அம்மாவிடம் கொடுத்தேன். மொத்தக் குழப்பத்துக்கும் விடை இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது என்று தெரியாமல், மூன்று நாள் மாலைப் பொழுதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து திறந்து மூடியே கழித்தேன்.

அந்த டப்பாவுக்குள் இருக்கும், கம்பியில்லாமல் காதில் செருகும் இயர்பட்ஸுக்கு வயது ஒன்றரைதான். பழைய போனில் டப்பாவைத் திறந்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். புதிய போனில் தேடினால், பட்டியலில் பெயரே வரவில்லை. பக்கத்து வீட்டு டிவி வருகிறது, யாருடையதோ கைக்கடிகாரம் வருகிறது, என் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் பொருள் மட்டும் வரவில்லை. போனின் புளூடூத்தை அணைத்துப் போட்டேன். போனை ஒரு முறை முழுதாக அணைத்து எழுப்பினேன். அலுவலக நண்பர் சொன்னாரே என்று போனின் நெட்வொர்க் அமைப்புகளை மொத்தமாக ரீசெட் செய்தேன். இயர்பட்ஸ் வரவில்லை, சேமித்து வைத்திருந்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போயின. அந்த வழியைக் கடைசி ஆயுதமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அதைத்தான் முதலில் எடுக்கிறோம்.

இன்னொருவர், வீட்டு வைஃபை குறுக்கிடுகிறது என்றார். வைஃபையும் இயர்பட்ஸின் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துபவைதான், உண்மை. ஆனால் அந்த நெரிசலைச் சமாளிக்கத்தான் புளூடூத் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே பேசுகிறது. குறுக்கீடு இருந்தால் பாட்டு விட்டு விட்டு வரும். பெயரே தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு.

இதே மூன்று நாட்களில் வீட்டில் இன்னொரு புகார் ஓடிக்கொண்டிருந்தது. "டேய், போன் மறுபடி ஊமையாகிவிட்டது, வந்து பார்" என்று அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிடுவார். படம் ஓடும், சத்தம் வராது. நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போவேன். போய்ப் பார்த்தால் நன்றாகப் பேசும். அம்மா அதைத் தெருமுனைக் கடைக்கே எடுத்துப் போய்விட்டார். கடையில் கணீரென்று பேசியிருக்கிறது. வீட்டில் மட்டும் ஊமையாகிறது என்றதற்கு, "வீட்டில் ஈரம் அதிகமாக இருக்கும், ஸ்பீக்கரை மாற்றிவிடலாம்" என்று 850 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். அதே கடையில் என் இயர்பட்ஸுக்குச் சொன்ன வைத்தியம் இன்னும் சுருக்கம்: புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் இரவு, எந்த யோசனையும் இல்லாமல் இயர்பட்ஸில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். போனுடன் சேராத ஒன்றைக் காதில் வைத்துப் பார்க்க அதுவரை தோன்றவே இல்லை. காதுக்குள் ஒரு பெண்மணி, "வெந்தயத்தைக் கருகவிடாமல் லேசாக வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அடுக்களையில் அம்மாவின் குரல்: "டேய், ஊமையாகிவிட்டது!"

நடந்தது இவ்வளவுதான். டப்பாவைத் திறந்ததும் இயர்பட்ஸ் தனக்குக் கடைசியாகப் பழக்கமான போனைத் தேடிப் போகும். அந்தப் போன் பத்தடி தள்ளி அடுப்பு மேடையில் இருந்தது. சுவர் ஒரு தடையே இல்லை. அங்கே போய் ஒட்டிக்கொண்ட பிறகு, வேறு எந்தப் போன் தேடினாலும் அது தலைகாட்டாது. நான் டப்பாவைத் திறந்தபோதெல்லாம் அம்மாவின் போன் ஊமையானது. மூடியபோதெல்லாம் வாய் திறந்தது. இரண்டு பழுது என்று நினைத்தது ஒன்றுகூட இல்லை. அம்மாவின் போனில் புளூடூத்தை அணைத்தேன். இயர்பட்ஸைத் திரும்ப டப்பாவில் வைத்து, மூடியைத் திறந்தபடியே அடியில் இருக்கும் பொத்தானை விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்திப் பிடித்தேன். புதிய போனில் அரை நிமிடத்தில் பெயர் வந்தது.

இதில் என் கோபம் எங்கே என்றால், மொழியிலிருந்தே தொடங்குகிறது. என் போனைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். அதில் பேரிங் என்பதற்கும் 'இணை', கனெக்ட் என்பதற்கும் 'இணை'. இரண்டும் ஒரே காரியம் அல்ல. முதலாவது பெண் பார்த்து, தாம்பூலம் மாற்றிக்கொள்வது. ஒரு தடவைதான் நடக்கும். இரண்டு தரப்பும் ஓர் இரகசியச் சாவியை உருவாக்கித் தங்கள் நினைவில் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும். இரண்டாவது, அந்தச் சாவியைக் காட்டி அன்றாடம் வீட்டுக்குள் நுழைவது. முதலாவதற்கு 'அறிமுகம்' என்று ஒரு சொல் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த வேறுபாடு விளங்காததால் தவித்தவர் என் மைத்துனர். கோவையிலிருந்து கூப்பிட்டார். இயர்பட்ஸை ஐந்து முறை ரீசெட் செய்துவிட்டாராம், சேரவே இல்லையாம். "மாப்பிள்ளை, போனில் அந்தப் பழைய பெயர் அப்படியே இருக்கிறதா?" என்றேன். "இருக்கிறதே, அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்" என்றார். ரீசெட் செய்தால் இயர்பட்ஸ் தன்னிடம் இருக்கும் சாவியைத் தூக்கி எறிந்துவிடும். போனோ பழைய சாவியை நீட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மறந்தால் உறவு நடக்காது. போனிலும் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, புதிதாகத் தேடச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சேர்ந்துவிட்டது, அவருடைய குரல் சட்டென்று தூரத்துக்குப் போனதிலிருந்தே தெரிந்தது.

இன்னும் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. சேராமல் போனதன் காரணம் பெரும்பாலும் போனுக்குத் தெரியும். புளூடூத் விதிகளிலேயே பிழைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 4 என்றால் கூப்பிட்டேன், பதில் வரவில்லை. 5 என்றால் சாவி பொருந்தவில்லை. 6 என்றால் சாவியே காணோம். உள்ளே இத்தனை தெளிவாக வருவதை வாங்கி வைத்துக்கொண்டு, திரையில் 'இணைக்க முடியவில்லை' என்று ஒரே வரியில் கையை விரிக்கிறது. சில நேரம் 'தவறான பின்', அதாவது இரகசிய எண் தவறு, என்றும் சொல்லும். இயர்பட்ஸில் பின் போட எண்பலகையா இருக்கிறது? "கருவி உங்களை மறந்துவிட்டது, பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கவும்" என்று எழுதுவதற்குத் தனியாகப் பொறியியல் எதுவும் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

இயர்பட்ஸ் செய்பவர்களும் சளைத்தவர்கள் அல்லர். ஒவ்வொரு முறையும் 'கனெக்டட்' என்று காதில் ஆங்கிலத்தில் பெருமையடித்துக்கொள்ளத் தெரிகிறது, யாரோடு என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு சொல்கூட என் விஷயத்தில் யாரும் காதில் வைக்காத இயர்பட்ஸுக்குள் ஒலித்து வீணாய்ப் போனது. வெளியில் இருப்பது கடுகளவு விளக்கு ஒன்று. அது மெதுவாக மின்னினால் ஒரு பொருள், வேகமாக மின்னினால் ஒரு பொருள், நிறம் மாறினால் வேறு பொருள். அகராதி எறும்பு எழுத்தில் அச்சான காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதம் எந்த வீட்டிலும் இருக்காது.

புளூடூத் என்பதே டென்மார்க்கில் பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹரால்டு புளூடூத் என்ற அரசரின் பெயர்தான். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றாக்கினார் என்று, 1998-இல் ஐந்து நிறுவனங்கள் கூடி இந்தப் பெயரை வைத்துக்கொண்டன. அந்த முத்திரைகூட அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான், ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வடிவில். எங்கள் வீட்டில் அவர் அடுக்களையையும் கூடத்தையும் மூன்று நாள் பிரித்து வைத்திருந்தார்.

ஒரு காது மட்டும் சேரவில்லை என்பவர்களுக்கு மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டப்பாவுக்குள் பட் உட்காரும் குழியில் சின்ன உலோக முனைகள் இருக்கும், பட்டிலும் அவற்றுக்கு நேராகப் புள்ளிகள் இருக்கும். காதுக் குறும்பியும் வியர்வையும் அதில் படிந்துவிட்டால், டப்பாவில் கிடந்தும் அந்தப் பட்டுக்குச் சார்ஜ் ஏறாது. செத்த பட் எந்தப் போனோடும் சேராது. உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். புத்தம் புதிதாக வாங்கி, ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பக் கிளம்புபவர்கள், அந்தப் புள்ளிகளின் மேல் மெல்லிய ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒட்டியிருப்பார்கள்.

அம்மாவின் போனிலிருந்து இயர்பட்ஸின் பெயரை நீக்கப் போனேன். "இரு, அதைக் காதில் வைத்தால் குக்கர் சத்தத்திலும் கேட்குமா?" என்றார். வைத்துவிட்டேன். தலையை ஆட்டிக்கொண்டே கடுகு தாளித்தார். இப்போது பெயர் இரண்டு போன்களிலும் இருக்கிறது. மாலை ஆறு முதல் எட்டு வரை அவருக்கு, மற்ற நேரம் எனக்கு என்று உடன்பாடு. எட்டு மணிக்கு மேல் நான் டப்பாவைத் திறக்கும்போது, "அம்மா, புளூடூத்தை அணை" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. பல நாள் அது அவர் காதில் விழுவதில்லை.