பழைய ஹேண்டிகேம் வாங்கியது அந்தத் தம்பி செய்த குற்றமா?

செவ்வாய்க்கிழமை கோயில் கொடைத் திருவிழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், முழுசாகத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் "இதையெல்லாம் தூக்கிட்டு வந்துட்டியால, காயிலான் கடையில போட்டா நூறு ரூபா தேறுமா" என்று, பழைய ஹேண்டிகேமோடு வில்லுப்பாட்டைப் படம் பிடிக்க வந்த பத்தமடைத் தம்பியை அத்தனை பேர் முன்னால் பெரிய கேமராக்காரர்கள் நீங்கள் கேட்டீர்களே, அவன் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? அந்தக் கேமராவை வாங்கச் சொன்னதே நான்தான். 8,500 ரூபாய். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசு.

பழைய கேமரா வாங்குவதில் ஒரு கேவலமும் இல்லை. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்க்காமல் வாங்கி ஏமாந்தவன் நான். முதலில் வாங்கியது சின்னக் கேசட் போடுகிற மினி-DV கேமரா. படம் அருமையாக இருந்தது, ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபயர்வயர் என்கிற பழைய வகைக் கேபிள் போர்ட் வேண்டும், என் லேப்டாப்பில் அது கிடையாது. கடனாக ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தபோதும் ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தேன். அடுத்தது அமெரிக்காவிலிருந்து வந்த சொந்தக்காரர் விலைக்குக் கொடுத்தது. அது அந்த ஊரின் 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்குத் தக்கபடி ஓடுவது, நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் துடித்துக்கொண்டே இருந்தது. ஷட்டர் திறக்கிற நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு மாற்றினால் அடங்கும், அதில் மாற்றவே வழியில்லை.

அதனால்தான் தம்பிக்கு வாங்கும்போது பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தோம். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தோம். ஜூமைக் கடைசி வரை இழுத்து மோட்டார் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டோம். திரையைத் திருப்பித் திருப்பிப் படம் விட்டு விட்டு வருகிறதா என்று சோதித்தோம். மெமரி கார்டு போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டோம், பேட்டரி தாக்குப்பிடித்தது. முக்கியமாக, மைக் குத்த ஓட்டை இருந்தது. அது இல்லாத கேமராவை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

"போன் போதாதா?" என்று கேட்பீர்கள். அஞ்சு நிமிஷ வீடியோவுக்குப் போதும். வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். போன் சூடாகி நிற்கும், நடுவில் அழைப்பு வரும், தூரத்திலிருந்து ஜூம் பண்ணினால் புலவர் முகம் கலங்கிப்போகும். இரவில் ஹேண்டிகேம் படத்தில் புள்ளி அடிக்கும் என்கிறீர்கள். அடிக்கும்தான், இருக்கட்டும். 4கே இல்லையாம். பார்க்கிறவன் உள்ளங்கை அகலத்தில்தானே பார்க்கிறான்! நீங்கள் மெச்சுகிற ஸ்டில் கேமராக்களில் எத்தனையோ 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் வீடியோ கேமரா என்று கூடுதல் வரி போட்டார்கள், அதற்காக வைத்த கணக்கு அது. ஹேண்டிகேம் கார்டு நிறைகிற வரை ஓடும்.

என்னைச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கொடையில் ஒரு பாட்டி, வில்லுப்பாட்டுக்குத் தாளம் தட்டுகிற குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடினார்கள். சுடலைமாடன் சாமி கதையில் அவர் வேட்டைக்குப் போகிற இடத்தில் பாட்டியின் குரல் உடைந்தது, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்தே எடுத்தார்கள். அடுத்த கொடைக்கு அவர்கள் இல்லை. மகன் வந்து, "அண்ணாச்சி, அம்மா பாடுனது உங்ககிட்ட இருக்கும்லா?" என்று கேட்டார். இருந்தது. அவர் கேமரா என்ன விலை என்று கேட்கவில்லை. பெரிய கேமரா வைத்திருந்த ஒருத்தரும் அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே இல்லை.

தம்பி நேற்றுப் போன் பண்ணி, "அண்ணாச்சி, இதை வித்துரட்டா?" என்று கேட்டான். எனக்குப் பேச வரவில்லை. தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். விற்காதே. வெள்ளிக்கிழமை கொடைக்கு ஸ்டாண்டும் இன்னொரு பேட்டரியும் நான் கொண்டு வருகிறேன், குடம் அடிக்கிற பக்கமாக இடம் பிடித்து வை.