‘குறைந்த ஆபத்து’ அணையை நம்பித் தூங்கலாமா?

அமெரிக்காவில் கணக்கில் இருக்கும் அணைகள் 90,000-க்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகமானவை தனியாருடையவை. எல்லாவற்றையும் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: ஆபத்து குறைவு, கணிசம், அதிகம். ‘அதிகம்’ என்றால் விரிசல் விட்ட அணை, ‘குறைவு’ என்றால் உறுதியான அணை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. இந்த வகையை முடிவு செய்வது அணைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான். உடைந்தால் உயிர் போகும் என்றால் ‘அதிகம்’. உயிர் போகாது, சொத்துச் சேதம்தான் என்றால் ‘கணிசம்’. சேதம் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் ‘குறைவு’. நேற்றுக் கட்டிய திடமான அணையும் ‘அதிக ஆபத்து’ ஆகலாம். கரை அரித்துப்போன பழைய அணை ‘குறைந்த ஆபத்து’ என்ற பெயரில் நிம்மதியாகக் கிடக்கலாம். அணையின் உடல்நிலைக்குத் தனியாக வேறொரு மதிப்பீடு உண்டு. ஆனால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்ப்பார் என்பது இந்த வகையைப் பொறுத்தது. குறைவு என்று எழுதிவிட்டால் எட்டிப் பார்க்க ஆள் வருவதே அபூர்வம்.

ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்ற மண் அணை இருந்தது. 1890-ல் கரும்புப் பாசனத்துக்குக் கட்டியது. அரசுப் பட்டியலில் ‘குறைந்த ஆபத்து’. 2006 மார்ச் 14 அன்று, நாள்கணக்கில் கொட்டிய மழைக்குப் பிறகு உடைந்தது. ஏழு பேர் செத்துப்போனார்கள். உபரி நீர் வெளியேறும் கலிங்கு மண் போட்டு மூடப்பட்டிருந்தது என்பதுதான் நில உரிமையாளர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. மண் அணைக்குக் கலிங்கு உயிர்நாடி. அது அடைபட்டால் தண்ணீர் கரைமேல் ஏறி வழியும், வழிகிற தண்ணீர் கரையையே கரைத்துக்கொண்டு போகும்.

வயல் மட்டும் இருந்த இடத்தில் பின்னாளில் வீடுகள் வந்தால் ‘குறைவு’ ‘அதிகம்’ ஆகிவிடும். அணையில் ஒரு கல்கூட நகர்ந்திருக்காது. ஆனால் கலிங்கைப் பெரிதாக்கு, ஆய்வறிக்கை கொடு, வெள்ளம் வந்தால் யாரை எப்படி எச்சரிப்பாய் என்று திட்டம் எழுது என்று உரிமையாளருக்கு ஓலை வரும். “நான் கூப்பிட்டா அவர்கள் வந்து குடியேறினார்கள்?” என்று அவர் கேட்பார். அந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வெள்ளம் பாயும் இடத்தில் மனை போட அனுமதித்தவர்களும் செலவில் பங்கு ஏற்கட்டும். மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்தவர் தலைக்கு மேல் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பது அவர்தானே.

சரி, வகையைச் சரியாகப் போட்டுவிட்டால் போதுமா? மிச்சிகனின் ஈடன்வில் அணை ‘அதிக ஆபத்து’ வகையில்தான் இருந்தது. தனியார் நீர்மின் நிறுவனத்துடையது. பெருவெள்ளத்தை வெளியேற்றும் திறன் போதாது என்று வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்த மத்திய ஆணையம், 2018-ல் மின் உற்பத்தி உரிமத்தை ரத்து செய்தது. உரிமம் போனதும் கண்காணிப்பு மாநிலத்தின் கைக்கு மாறியது. மாநில விதியோ அவ்வளவு கண்டிப்பானது இல்லை. (தண்டனை கொடுக்கப்போய் சலுகை கொடுத்த கதை.) 2020 மே 19 அன்று அணை உடைந்தது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குத் தண்ணீர் கரைமேல் வழியவே இல்லை. கரைக்குள் இருந்த தளர்வான மணல் திடீரென்று பிடிப்பை இழந்து சரிந்ததாக ஆய்வுக் குழு சொன்னது. கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் போயிற்று. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின.

அதனால்தான் சொல்கிறேன்: தனியார் அணை ‘அதிகம்’ வகைக்கு வந்த அன்றே, பழுது பார்க்கவும் நஷ்டஈடு தரவும் போதுமான பணத்தை வைப்பாகவோ காப்பீடாகவோ வாங்கி வைக்க வேண்டும். எந்த வகை என்பது கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தில் போக வேண்டும். ஈடன்வில்லில் அணை உடைந்த சில மாதங்களில் நிறுவனம் திவால் மனு போட்டது. அணைகளைத் திரும்பக் கட்டும் செலவில் ஒரு பங்கு, அவை தேக்கிய ஏரிகளின் கரையில் வீடு வைத்திருந்தவர்கள் மேலேயே விழுந்தது.